கண்ணுக்குத் தெரியாத புகைக்கு யார் குரல் கொடுக்கிறது?

இந்த வாரக் கதை ஒரு கறுத்துப்போன சரிகையிலிருந்து ஆரம்பிக்குது.

ஆரணி பக்கத்துல தேவிகாபுரம். பெரியநாயகி அம்மன் கோயில் இருக்கிற ஊர், பட்டு நெசவு ஊர். எங்க அத்தை வீடு அங்கதான். போன தடவை போனப்ப அத்தை தன்னோட கல்யாணப் புடவையை எடுத்துக் காட்டினாங்க. பட்டு அப்படியே இருக்கு, சரிகை மட்டும் கறுத்திருக்கு. "காத்து பட்டா வெள்ளி கறுத்துடும்டா, அதான் துணியில சுத்தி வைக்கறது"ன்னாங்க. காத்துல துளியூண்டு இருக்கிற கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோட சேர்றதுதான் காரணம். இது மின் நிலையப் புகையோட வேலைன்னு நான் சொல்ல வரல. ஆனா நான் கந்தகம்னு சொன்னதும் அத்தை ஒரு கேள்வி கேட்டாங்க: "உங்க ஊர்ப் பக்கம் நிலக்கரி எரிச்சு கரண்ட் எடுக்கறாங்களே, அந்தப் புகை இங்க வருமா?"

நான் வட சென்னைக்காரன். அத்திப்பட்டு, வல்லூர் புகைபோக்கிகளைப் பார்த்து வளர்ந்தவன். யோசிக்காம, "அவ்ளோ தூரம் வராது அத்தை"ன்னு சொல்லிட்டேன். அந்தப் பதில் தப்பு. ஏன் தப்புங்கறதுதான் இந்த எபிசோடு.

நிலக்கரியில கொஞ்சம் கந்தகம் இருக்கும். எரிக்கும்போது அது சல்பர் டை ஆக்சைடு வாயுவா வெளிய வரும். காத்துல ஈரத்தோட சேர்ந்தா கந்தக அமிலம். மழையில இறங்கினா அமில மழை. இங்கிலாந்துல உள்ளூர்ப் புகையைக் குறைக்க உயரமான புகைபோக்கி கட்டினாங்க. உள்ளூர்ல காத்து தெளிஞ்சது. ஆனா அந்தக் கந்தகம் கடல் தாண்டிப் போய் நார்வே, ஸ்வீடன் ஏரிகள்ல மீனைக் கொன்னுச்சு. புகைபோக்கியை உயர்த்தினா புகை இடம் மாறும், இல்லாமப் போகாது.

அப்போ நம்ம ஊர்ல ஏன் அமில மழைன்னு யாரும் பேசறதில்ல? நம்ம மண் தூசியில சுண்ணாம்புச் சத்து அதிகம். மழையில இருக்கிற அமிலத்தை அது பெரும்பாலும் சமன் பண்ணிடும். ஆனா கதை அதோட முடியல. அதே வாயு காத்துல அம்மோனியாவோட சேர்ந்து சல்பேட் நுண்துகளா மாறும். பிஎம் 2.5னு சொல்றோமே, அதுல இது ஒரு பங்கு. நுரையீரல் வரைக்கும் இறங்கும், காத்துல நூத்துக்கணக்கான கிலோமீட்டர் பயணம் பண்ணும். தேவிகாபுரத்துக்குத் தெற்கே நெய்வேலி, வடகிழக்கே எண்ணூர். தூரம் ஒரு பாதுகாப்பே இல்ல.

இதைத் தடுக்கிற கருவிக்குப் பேர் எஃப்.ஜி.டி. புகை வெளியேறும் முன்னாடி அது மேல சுண்ணாம்புக்கல் குழம்பைத் தெளிப்பாங்க. கந்தகம் அதுல மாட்டி ஜிப்சமா மாறிடும். நல்லா ஓட்டினா 90 சதவீதத்துக்கு மேல பிடிச்சிடும்.

2015 டிசம்பர்ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல் மின் நிலையங்களுக்கு சல்பர் டை ஆக்சைடு வரம்பு கொண்டு வந்துச்சு. 2 வருஷம் கெடு. கெடு தள்ளிப்போச்சு, மறுபடி தள்ளிப்போச்சு. கடைசியா 2025 ஜூலையில விதியையே மாத்திட்டாங்க. தலைநகர்ப் பகுதிக்கோ 10 லட்சம் பேருக்கு மேல வாழற நகரத்துக்கோ 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கிற நிலையங்களுக்கு 2027 கடைசி வரைக்கும் கெடு. ஏற்கெனவே காத்து ரொம்ப மாசான பகுதிகள்ல ஒவ்வொண்ணா பார்த்து முடிவு. மீதி, அதாவது நாட்டோட அலகுகள்ல நாலுல மூணு பங்குக்கும் மேல, இந்த வரம்புலருந்து விலக்கு. அதுக்குப் பதிலா புகைபோக்கி உயர விதியைக் கடைப்பிடிச்சா போதும். இங்கிலாந்துக் கதை ஞாபகம் வருதா?

அரசுத் தரப்புலயும் வாதம் இருக்கு. இந்திய நிலக்கரியில கந்தகம் கம்மி. நகரங்கள்ல அளந்தா வாயு அளவு வரம்புக்குள்ளதான் இருக்கு. கருவிக்குச் செலவு அதிகம், அதை ஓட்டவும் மின்சாரம் வேணும். இதுல உண்மை இருக்கு. ஆனா கந்தகம் கம்மின்னாலும் நாம எரிக்கிற நிலக்கரி மலையளவு. அந்த வாயு சல்பேட்டா மாறினதும் வாயுக் கணக்குல வராது, நுண்துகள் கணக்குல சேர்ந்துடும். அளக்கிற கருவி தப்பு சொல்லல, நாம கேட்கிற கேள்விதான் பாதி.

அமெரிக்காவுல 1990ல இதே மாதிரி ஒரு சட்டம் வந்துச்சு. ஓஹியோ பக்கத்துப் புகை, நியூயார்க் மாநில மலை ஏரிகளைக் கெடுத்துச்சு. செலவு தாங்காதுன்னு அங்கேயும் சொன்னாங்க. ஆனா மீன் இல்லாத ஏரியை மக்கள் கண்ணால பார்த்தாங்க, விடாமக் கேட்டாங்க. கீழவையில 401க்கு 25, செனட்ல 89க்கு 10. ரெண்டு கட்சியும் சேர்ந்து நிறைவேத்தின சட்டம் அது. இன்னைக்கு அங்க மின் நிலையங்கள் விடற சல்பர் டை ஆக்சைடு 90 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருக்கு. பயந்த அளவுக்குச் செலவும் ஆகல.

நமக்குச் செத்த ஏரி இல்ல. இருமல் இருக்கு. ஆனா இருமலுக்கு இதுதான் காரணம்னு யாரும் சீட்டு எழுதிக் கொடுக்க மாட்டாங்க. அதனாலதான் எண்ணூர் மாதிரி புகைபோக்கி அடியில இருக்கிறவங்க மட்டும் பேசறாங்க. தள்ளி இருக்கிறவங்களுக்கு அது அடுத்தவங்க பிரச்சினையாத் தெரியுது.

சரி, செலவு எவ்ளோ? யூனிட்டுக்கு 25லருந்து 30 பைசான்னு மின் துறை வட்டாரக் கணக்கு. தமிழ்நாட்டுல கைத்தறி நெசவாளர்களுக்கு 2 மாசத்துக்கு 300 யூனிட் இலவசம். அந்த 300 யூனிட்டுக்கு 30 பைசான்னா 90 ரூபாய்.

இதைச் சொல்லி அத்தைக்கு போன் பண்ணேன். என் பழைய பதில் தப்புன்னும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "தறிக்குக் குடுக்கிற கரண்ட்ல கை வைக்காம, மத்ததுல கூட்டினா கூட்டட்டும். ஆனா கூட்டின காசு புகையைப் பிடிக்கத்தான் போச்சான்னு யாருடா பாக்கறது?"ன்னாங்க.

ஆதரவுன்னா இதுதான்னு எனக்குத் தோணுது. சும்மா தலையாட்டறது இல்ல, கணக்குக் கேட்கறது. அதுக்கு வழியும் இருக்கு. புது மின் நிலையமோ விரிவாக்கமோ வந்தா மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தமிழ் நாளிதழ்ல அறிவிப்பு கொடுத்து, 30 நாளாவது அவகாசம் விட்டு, கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தணும். அந்த ஊர்க்காரங்கதான் கூட்டத்துல பேசுவாங்க. ஆனா பாதிப்பு தன்னையும் தொடும்னு நியாயமாச் சொல்லக்கூடியவங்க எழுத்துல கருத்து அனுப்பலாம். புகையே தூரம் பார்க்காதப்ப, அந்தக் கடிதம் தேவிகாபுரத்துலருந்தும் போகலாம்.

அடுத்த தடவை அப்படி ஒரு அறிவிப்பு கண்ணுல பட்டா, பக்கத்தைத் திருப்பிடாதீங்க. அத்தை கேட்ட கேள்வியையே எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.