பிறைக்குப் பின்னால் மறைந்த வெள்ளி: நிகாஹ் தேதியை மாற்ற வேண்டுமா?

2023 மார்ச் 24, வெள்ளிக்கிழமை. ஹிஜ்ரி 1444 ரமளானின் முதல் நோன்பைத் திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வந்தவர்களில் பலர் மேற்கே பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். மெல்லிய பிறை. அதற்குச் சற்றுக் கீழே, தொங்கவிட்டது போல ஒரு சுடர். அன்று இரவு தராவீஹ் முடிவதற்குள் நம் கைபேசிகள் புகைப்படங்களால் நிறைந்துவிட்டன. "ரமளானின் அற்புதம்" என்றது ஒரு செய்தி. "பிறையும் நட்சத்திரமும் சேர்ந்துவிட்டன, பெரிய மாற்றம் வரப்போகிறது" என்றது இன்னொன்று.

இதோடு நின்றிருந்தால் நாம் இதை எழுதியிருக்க மாட்டோம். ஆரம்பாக்கத்தை அடுத்த ஏரிக்கரைப் பகுதியில் மீன் வியாபாரம் செய்யும் ஒரு குடும்பம், மகளின் நிகாஹை ஷவ்வாலில் வைத்திருந்தது. யாரோ அவர்களிடம், "சுக்கிரனை நிலா மறைத்துவிட்டது, கல்யாணத்துக்கு ஆகாது, தேதியைத் தள்ளிப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். பெண்ணின் பாட்டி அதைப் பிடித்துக்கொண்டார். "ஹஜ்ரத், ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று பெண்ணின் தந்தை நம்மிடம் வந்தார்.

முதலில், அன்று வானத்தில் நடந்தது என்ன? அந்தச் சுடர் நட்சத்திரமே அல்ல, வெள்ளிக் கோள். சூரியன் மறைவதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில், நிலா அதன் குறுக்கே கடந்துபோயிருந்தது. கொடைக்கானல் வானாய்வகத்திலிருந்து அந்தக் காட்சியைப் படமெடுத்து வெளியிட்டார்கள். நாம் மஃரிபுக்குப் பின் பார்த்தது, மறைப்பு முடிந்து வெள்ளி வெளியே வந்துவிட்ட காட்சியைத்தான்.

நிலா தினமும் கிழக்கில் உதித்து மேற்கில் மறைவது நமக்குத் தெரியும். ஆனால் நட்சத்திரங்களுக்கு இடையே அது மேற்கிலிருந்து கிழக்காக நகர்கிறது. ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய தன் அகலத்தின் அளவு, ஒரு நாளில் சுமார் 13 பாகை. வழியில் நட்சத்திரமோ கோளோ இருந்தால் அதை மறைத்துவிட்டு, அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக மறைத்து வைத்திருந்து, மறுபக்கம் விட்டுவிடும். வளர்பிறையில் முன்னே செல்வது நிலவின் இருண்ட விளிம்பு. அதனால் வெள்ளி இருட்டுப் பக்கம் மறைந்து, ஒளிரும் பக்கம் வெளிவந்தது. மாலை மேற்கு வானில் ஒளிரும் பக்கம் கீழ்நோக்கி இருக்கும். பிறைக்குக் கீழே வெள்ளி தொங்கிய காரணம் இவ்வளவுதான்.

நட்சத்திரம் மறைவது இன்னும் விசித்திரமானது. சிறிது சிறிதாக மங்காது, விளக்கை அணைத்தது போலச் சட்டென்று காணாமல் போகும். அது நமக்கு வெறும் புள்ளி. நிலவுக்கோ அதன் ஒளியை மங்கச் செய்யும் காற்று மண்டலம் இல்லை.

பிரகாசமான நட்சத்திரங்களில் நான்கே நான்குதான் நிலவின் பாதையில் விழுகின்றன: ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை. ரோகிணியை அரபுகள் அத்தபரான், பின்தொடர்பவன், என்றார்கள். கார்த்திகைக் கூட்டமான துரய்யாவின் பின்னால் வருவதால் அந்தப் பெயர். நிலவின் பாதை சாய்ந்து, 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்று மாறிவருவதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம் உண்டு. ரோகிணி 2015 முதல் 2018 வரை மாதந்தோறும் பூமியின் ஏதாவது ஒரு பகுதியில் மறைந்தது. அடுத்த முறை 2033இல். இதையெல்லாம் இப்போதே நிமிடக் கணக்கில் சொல்லிவிடுகிறார்கள். ஏரிக்கு அப்பால் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அதே ஆண்டு ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியதும், ஆகஸ்ட் 23இல் நிலவில் இறங்கியதும் இதே கணக்கை நம்பித்தான்.

ஒரு ஊரில் மறையும் நட்சத்திரம் இன்னொரு ஊரில் நிலவின் ஓரமாகத் தப்பிப் போகும் என்பதையும் சொல்ல வேண்டும். நிலா நமக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, சுமார் 3,84,000 கிலோமீட்டர். (பிறை விவாதத்துக்குள் நாம் இங்கே போகவில்லை. அதற்கு வேறு கட்டுரை வேண்டும்.) இன்னொன்று: சில கொடிகளில் பிறையின் இரு கொம்புகளுக்கு நடுவே நட்சத்திரம் வரைந்திருப்பார்கள். வானத்தில் அது நடக்காது. அந்த இடத்தில் இருப்பது காலி வெளி அல்ல, நிலவின் இருண்ட பகுதி. அங்கே வரும் எந்த நட்சத்திரமும் மறைந்துதான் இருக்கும். அந்தச் சின்னம் உஸ்மானியர்களின் கொடியால் பரவியது. குர்ஆனிலோ நபிமொழியிலோ வந்ததல்ல.

இனி பாட்டியின் கவலைக்கு வருவோம். சந்திரனுக்கு மன்ஸில்களை, தங்குமிடங்களை, தானே நிர்ணயித்ததாக அல்லாஹ் கூறுகிறான் (அல்குர்ஆன் 36:39). நிர்ணயித்த வழியில் போகும் நிலா ஒரு மன்ஸிலில் நட்சத்திரத்தைக் கடப்பதில் கெட்ட சகுனம் எங்கிருந்து வரும்? நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் (ரலி) இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். மகனை அடக்கம் செய்த துக்கத்திலும் நபியவர்கள் அதை மறுத்தார்கள்: யாருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை. கிரகணத்துக்குத் தொழுகை உண்டு. நிலா நட்சத்திரத்தை மறைப்பதற்கென்று தனித் தொழுகை எதுவும் கற்றுத்தரப்படவில்லை.

ஹுதைபிய்யாவில் இரவு மழை பெய்த மறுநாள், இன்ன நட்சத்திரத்தால் மழை கிடைத்தது என்று சொல்வதை நபியவர்கள் கண்டித்ததும் புகாரியில் வருகிறது. ஆனால் நட்சத்திரத்தைப் பார்த்துத் திசையும் நேரமும் அறிவது வேறு. விடிவெள்ளியைப் பார்த்து வலையோடு கிளம்பும் ஏரிக்கரைக்காரரை யாரும் தடுக்கவில்லை. குர்ஆனே நட்சத்திரங்களை வழி காட்டுபவை என்கிறது. பழவேற்காட்டின் சின்னப் பள்ளிவாசலில் நம் முன்னோர் சூரியக் கடிகாரம் வைத்ததும் நிழலைப் பார்த்துத் தொழுகை நேரம் அறியத்தான்.

பாட்டியிடம் நாம் கடைசியாகச் சொன்னது ஆயிஷா (ரலி) அவர்களைப் பற்றி. அறியாமைக்கால அரபுகள் ஷவ்வாலில் கல்யாணம் செய்தால் ஆகாது என்று நம்பினார்கள். ஆயிஷா நாயகியோ, தமக்கு நிகாஹ் நடந்ததும் தாம் கணவர் வீடு புகுந்ததும் ஷவ்வாலில்தான், தம்மைவிடப் பாக்கியம் பெற்ற மனைவி யார் என்று கேட்டார்கள். இது முஸ்லிமில் வருகிறது. பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதே மாசம்தானா?" என்று கேட்டார். "அதே மாதம்தான் பெரியம்மா" என்றோம்.

நிகாஹ் குறித்த நாளிலேயே நடந்தது.