போர்முனையிலிருந்து பொதுவாழ்வுக்கு

நாட்டு விடுதலைக்காகப் படை நடத்தியவர், போர் ஓய்ந்தபின் அரசியலில் எவ்வாறு ஒழுகுதல் வேண்டும்? ஆப்பிரிக்காவில், சிம்பாப்வேயின் விடுதலைப் போர்த் தலைவர்களுள் ஒருவரான ராபர்ட் முகாபே 1980-இல் ஆட்சிப் பொறுப்பேற்றார்; 2017-இல் இராணுவம் தலையிட்ட பின்னரே பதவி துறந்தார். வேறு வழி சென்றவர், 1914-இல் சென்னையில் பிறந்த காப்டன் லட்சுமி.

மருத்துவம் பயின்று சிங்கப்பூர் சென்ற அவர், 1943-இல் நேதாஜியின் அழைப்பை ஏற்று, ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை பூண்டார். கள்ளக்குறிச்சி அன்று அடங்கியிருந்த தென்னார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து மலேயாவுக்குப் பிழைக்கச் சென்ற குடும்பங்கள் பல. அந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள் பலர் அப்படையில் சேர்ந்தனர்.

1945-இல் பர்மாவில் சிறைப்பட்ட லட்சுமி, மறு ஆண்டு தாயகம் திரும்பினார். பின்னர்க் கான்பூரில் ஏழை மக்களுக்கு மருத்துவராகப் பணியாற்றினார். 1971-இல் வங்காள அகதிகளுக்கும், 1984-இல் போபால் நச்சுவாயுவால் நலிந்தோர்க்கும் மருத்துவம் புரிந்தார். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியிலும் மாதர் இயக்கத்திலும் உழைத்தார்.

2002-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில், இடதுசாரிகளின் வேட்பாளராக அப்துல் கலாமை எதிர்த்து நின்றார். வாக்கு மதிப்பில் கலாம் பெற்றது 9,22,884. லட்சுமி பெற்றது 1,07,366. வெற்றி கிட்டாது என்பது முன்னரே தெரிந்ததே. எனினும், அரசியலில் மாற்றுக் கருத்துக்கும் இடம் உண்டென்பதை அப்போட்டி உணர்த்திற்று. தோற்றவர் மீண்டும் மருத்துவமனைக்கே சென்றார். 2012-இல் மறையும்போது அவருக்கு வயது 97.

போரில் காட்டிய வீரம் ஆளும் உரிமையைத் தந்துவிடாது. அதனை மக்களே வழங்குதல் வேண்டும். மக்களின் தீர்ப்பை ஏற்றுத் தொண்டைத் தொடர்வதும் வீரமே அன்றோ?