கட்டடம் அரசுக்கு, பூசை பாதிரியாருக்கு

பிரான்சின் பழம்பெரும் பேராலயங்களைப் பார்க்கக் கோடையில் கூட்டம் அலைமோதுகிறது. பலிபீடத்தில் நிற்கத்தான் ஆள் குறைவு.

ஜூலை பிறந்தால் பிரான்சில் பங்குத் தந்தையர்களும் விடுமுறையில் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் இடத்தை நிரப்ப வெளிநாட்டுப் பாதிரியார்கள் வருகிறார்கள். பலர் ரோமில் படிக்கும் ஆப்பிரிக்க, ஆசிய இளைஞர்கள். காலையில் பூசை, ஓய்வு நாளில் ரயிலேறி ஊர் சுற்றல். அப்படி வருபவருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது: அவர் பூசை வைக்கும் பழைய கோயில் பெரும்பாலும் திருச்சபையின் சொத்தே அல்ல.

காரணம், அரசையும் மதத்தையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி பழைய பேராலயங்களில் 87 அரசுக்குச் சொந்தம். ஊர்க் கோயில்கள் உள்ளாட்சிக்கு. வழிபாடு நடத்தும் உரிமை மட்டும் பாதிரியாருக்கு, வாடகையில்லாமல்.

தெற்கே அவினியோன். 1309 முதல் சுமார் 70 ஆண்டுகள் போப்பாண்டவர்கள் ரோமை விட்டு இங்கேதான் வாழ்ந்தார்கள். அவர்களுடைய கோட்டை போன்ற மாளிகையின் முற்றம் இன்று நாடக மேடை. 1947-ல் ஜான் விலார் தொடங்கிய நாடக விழாவுக்கு ஒவ்வொரு ஜூலையிலும் ஊரே நிரம்பி வழிகிறது.

வடக்கே ரேம்ஸ். பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய பேராலயம். 1914 செப்டம்பரில் ஜெர்மானியப் பீரங்கிகள் இதைத் தீக்கிரையாக்கின. அமெரிக்கக் கோடீஸ்வரர் ராக்பெல்லரின் பணமும் சேர்ந்து கைகொடுக்க, 1938-ல் மீண்டும் திறந்தது. 1962 ஜூலையில் இதே கூரையின் கீழ் பிரெஞ்சு அதிபர் டி காலும் ஜெர்மன் பிரதமர் அடனாவரும் ஒரே பூசையில் கலந்துகொண்டார்கள். பகை முடிந்ததை அறிவிக்க, மதச்சார்பற்ற அரசுக்கும் ஒரு கோயில் தேவைப்பட்டது.

ஆனால் கோயிலைக் கட்டிக் காக்கும் செலவு யாருடையது? 2019 ஏப்ரல் 15-ல் பாரிஸின் நோட்ர டாம் எரிந்தபோது சுமார் 84 கோடி யூரோ நன்கொடை குவிந்தது. எல்லாக் கோயிலுக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடையாது. 2024 அக்டோபரில் அப்போதைய கலாசார அமைச்சர் ரஷிதா தாத்தி ஒரு யோசனை சொன்னார்: நோட்ர டாமைச் சுற்றிப் பார்க்க வருபவர்களிடம் 5 யூரோ வசூலித்தால், ஆண்டுக்கு 7.5 கோடி யூரோ கிடைக்கும். நாடெங்கும் சிதிலமாகும் கோயில்களைச் செப்பனிடலாம். திருச்சபை மறுத்தது. பக்தர் யார், பயணி யார் என்று வாசலில் பிரிப்பது எப்படி? வேடிக்கை என்னவென்றால், கோயில்களைப் பார்க்கக் கட்டணம் கூடாது என்பதும் அதே 1905 சட்டத்தில்தான் இருக்கிறது. டிசம்பர் 8-ல் நோட்ர டாம் கட்டணமின்றியே பொதுமக்களுக்குத் திறந்தது.

பணத்தை விடப் பெரிய பஞ்சம் ஆள் பஞ்சம். நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 100 பேர்தான் புதிதாகக் குருப்பட்டம் பெறுகிறார்கள். முதியவர்களால் ஓய்வெடுக்க முடிவதில்லை.

ஜோன் ஆஃப் ஆர்க்கை 1431-ல் உயிரோடு எரித்த ரூவான் நகரில் இதன் சோக முகம் தெரிகிறது. அதன் புறநகர் ஒன்றில் பங்குத் தந்தையான காங்கோ நாட்டுக்காரர் விடுமுறையில் இருந்தார். அதனால் 2016 ஜூலை 26 காலை பூசை வைத்தவர் 85 வயது ஜாக் ஹாமெல். வந்திருந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். பயங்கரவாதிகள் இருவர் புகுந்து, பலிபீடத்தருகே அவர் கழுத்தை அறுத்தார்கள்.

அடுத்த ஞாயிறு ரூவான் பேராலயம் நிரம்பியது. அஞ்சலி செலுத்த முஸ்லிம்களும் வந்து கிறிஸ்தவர்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அன்று யாரும் கட்டடத்தைப் பார்க்க வரவில்லை.