தாம்பரத்தில் பாடம் கற்ற பேராசிரியர்

வடசென்னையின் கல்மண்டபத்திலிருந்து நடந்தே போய்விடலாம் ராபின்சன் பூங்காவுக்கு. இன்று அதன் பெயர் அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது இங்கேதான். அந்தக் கட்சி 18 ஆண்டுகளில் ஆட்சியைப் பிடித்தது. அந்த எழுச்சியின் கடைசிக் கட்டத்தைச் சென்னையில் இருந்தபடியே கவனித்து, உலகின் முன்னணி ஆய்விதழ்களில் எழுதியவர்களில் ஒரு குருவானவரும் உண்டு. ஸ்காட்லாந்துக்காரர். பெயர் டங்கன் ஃபாரெஸ்டர்.

1933இல் எடின்பரோவில் பிறந்தவர். தந்தையும் குருவானவர், பேராசிரியர். செயின்ட் ஆண்ட்ரூஸில் படித்துவிட்டு அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் லியோ ஸ்ட்ராஸிடம் அரசியல் தத்துவம் பயின்றார். ஸ்ட்ராஸும் ஜோசப் கிராப்சியும் தொகுத்து 1963இல் வெளியான அரசியல் தத்துவ வரலாற்று நூல் இன்றும் பல நாடுகளில் பாடநூல். அதில் லூதர், கால்வின் பற்றிய அத்தியாயமும் ரிச்சர்ட் ஹூக்கர் பற்றிய அத்தியாயமும் இவர் எழுதியவை. அப்போது வயது முப்பதைத் தாண்டவில்லை. மேலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வசதியாக உட்கார்ந்திருக்கலாம். அவரோ 1962இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு அரசியல் கற்பிக்க வந்துவிட்டார்.

அந்தக் கல்லூரிக்கும் வடசென்னைக்கும் பழைய உறவு உண்டு. 1837இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியே அதன் வித்து. பிறகு நூறாண்டு நிறையும்வரை ஜார்ஜ் டவுன் பக்கம்தான் இருந்தது. 1937இல் தாம்பரத்துக்குப் போனது. அதற்குள் மின்சார ரயில் வந்துவிட்டதால், பீச் ஸ்டேஷனில் ஏறினால் மறுமுனையில் இறங்கி வகுப்புக்குப் போகலாம் என்றானது.

ஃபாரெஸ்டர் எட்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். ஐரோப்பியத் தத்துவத்தை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பியிருந்தால் அவரைப் பற்றி இப்போது எழுத வேண்டியதே இல்லை. கல்லூரி வாசலுக்கு வெளியே நடந்த அரசியலை அவர் பாடமாக எடுத்துக்கொண்டார். 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி என்ற நிலை வந்தபோது தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூடு, தீக்குளிப்பு, மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் கொடுத்த ராஜினாமா, பிரதமர் சாஸ்திரியின் வானொலி உறுதிமொழி என்று நாட்கள் நகர்ந்தன. வகுப்பில் எதிரே உட்கார்ந்திருந்த அதே தலைமுறைதான் தெருவில் நின்றது. மறு ஆண்டே, 1966இல், 'பசிபிக் அஃபேர்ஸ்' இதழில் ஃபாரெஸ்டரின் கட்டுரை வெளியானது. ஒரு மாநிலத்து எதிர்ப்பு எப்படி நாட்டின் மொழிக் கொள்கையையே அசைத்தது என்பதுதான் அதன் பொருள். டெல்லியிலிருந்து பார்த்தவர்கள் பலர் அந்த எதிர்ப்பை வெறும் கலவரம் என்று ஒதுக்கினார்கள். அரசியல் விளைவு உள்ள போராட்டமாக இதை எடுத்து ஆராய்ந்ததே இவருடைய தனிச்சிறப்பு.

1967 தேர்தலில் காமராஜர் விருதுநகரில் தோற்றார். வென்றவர் மொழிப் போராட்டத்தின் மாணவர் தலைவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன். தோற்ற தலைவரை எல்லோரும் மறந்துவிடுகிற நேரத்தில், அவருடைய அரசியல் பாணி மாநிலத்துக்கு வெளியே எப்படிப் பரவியது என்று ஆராய்ந்து 1970இல் 'மாடர்ன் ஏசியன் ஸ்டடீஸ்' இதழில் ஃபாரெஸ்டர் எழுதினார். தெலங்கானா தனி மாநிலக் கோரிக்கை பற்றிய அவருடைய கட்டுரையும் அதே ஆண்டு வந்தது. தனித் தெலங்கானா அமைந்தது 2014இல்.

1970இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே அவருக்கு இரட்டை வேலை: அரசியல் விரிவுரையாளர், பல்கலைக்கழகக் குருவானவர். ஒரே மாணவனுக்குக் காலையில் அரசு என்றால் என்ன என்று பாடம் நடத்தவும், மாலையில் அவன் மனக்குழப்பத்தைக் கேட்டு ஆறுதல் சொல்லவும் வேண்டிய பதவி. புள்ளிவிவரத்தில் வரும் மனிதனை நேரில் முகம் பார்த்துப் பேசவும் கடமைப்பட்டவருடைய எழுத்தில் ஒரு கனிவு தானாக வந்து சேரும். ஃபாரெஸ்டரின் பிற்கால நூல்களில் அது தெளிவாகத் தெரிகிறது.

அவருடைய 'சாதியும் கிறிஸ்தவமும்' 1980இல் வந்தது. தமிழ்நாட்டுக்காரர்கள் தேடிப் படிக்க வேண்டிய நூல் இது. அது காட்டும் வரலாறு இப்படிப் போகிறது: லுத்தரன் மிஷனரிகள் பலர் சாதியைச் சமூக வழக்கம் என்று விட்டுப்பிடித்தார்கள். ஆங்கில மிஷன்கள் அப்படி விடவில்லை. 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கட்டளையிட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சபையே பிளந்தது. பெரும் புலவரான வேதநாயக சாஸ்திரியாரே கட்டளையை எதிர்த்து நின்றார். ஆண்டர்சன் பள்ளியில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பையன்கள் சேர்ந்தபோது மேல்சாதிப் பிள்ளைகள் பலர் நின்றுவிட்டார்கள், ஆண்டர்சன் இறங்கிவரவில்லை. தன் சபையின் வரலாற்றையே இப்படிக் கூறுபோட்டுப் பார்க்க ஒரு குருவானவருக்குத் துணிவு வேண்டும். கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் நிற்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கும்போது இது பழங்கதை ஆகிவிடாது.

1978இல் எடின்பரோவில் கிறிஸ்தவ அறவியல் பேராசிரியர். 1986 முதல் பத்தாண்டு நியூ காலேஜ் முதல்வர். இடையே 1984இல் இறையியலையும் பொதுப் பிரச்சினைகளையும் ஒன்றாக ஆராயும் மையம் ஒன்றைத் தொடங்கினார். வறுமை, சிறை, வீட்டுவசதி பற்றி அதிகாரிகளும் பாதிக்கப்பட்டவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

1988 மே மாதம் பிரதமர் மார்கரெட் தாட்சர் ஸ்காட்லாந்து திருச்சபையின் பொதுப் பேரவையில் பேசினார். செல்வம் சேர்ப்பதில் தவறில்லை என்பது அவர் வாதம். பேச்சு முடிந்ததும் பேரவைத் தலைவர் அவர் கையில் வீட்டுவசதி, செல்வப் பங்கீடு பற்றிய திருச்சபை அறிக்கைகளைக் கொடுத்தார். அவற்றில் 'ஜஸ்ட் ஷேரிங்' என்பது ஃபாரெஸ்டர் இணைந்து தொகுத்தது.

மனித சமத்துவம் பற்றி அவர் 2001இல் எழுதிய நூல் சென்னையில்தான் தொடங்குகிறது. தொழுநோயால் பாதிக்கப்பட்ட ஒரு பிச்சைக்காரரை அங்கே அவர் சந்தித்த அனுபவம் அது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், தனக்கும் அந்த மனிதருக்கும் நடுவே இருந்த இடைவெளியிலிருந்துதான் தன் வாதத்தை அவர் தொடங்க வேண்டியிருந்தது. 2016இல் காலமானார்.

அவருடைய மொழிப் போராட்டக் கட்டுரையும் காமராஜர் கட்டுரையும் நல்ல தமிழில் மாணவர் கைக்கு வர வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியிலும் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியிலும் படிக்கிற பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள் அந்தப் போராட்டத்தை நேரில் பார்த்தவர்கள். கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போய் அவர்களிடமும் கேட்டு எழுதிவரச் சொன்னால், ஃபாரெஸ்டர் பார்க்காமல் விட்டவையும் பதிவாகும்.