பேரரசு வியூக ஆட்டங்களும் பெயர்க்கப்படும் மக்களும்

பண்டைய உலகைக் களமாகக் கொண்ட கணினி வியூக ஆட்டங்கள் மலையகத் தோட்டங்களையும் இன்று எட்டியுள்ளன. அண்மையில் டயகமவில், லயக் காம்பராவொன்றில், இளைஞர் ஒருவர் மடிக்கணினியில் இத்தகைய ஆட்டமொன்றில் ஆழ்ந்திருக்கக் கண்டோம். இவற்றை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குதல் எளிது. ஆயின், வரலாறு எவ்வாறு இயங்குகிறது என்பது பற்றிய ஒரு கருத்துநிலை இவற்றுள் பொதிந்துள்ளது. அது யாருடைய நிலையினின்று எழுவது என்பதே ஈண்டு நமது வினாவாகும்.

சுவீடன் நாட்டுப் பரடொக்ஸ் நிறுவனம் 2019இல் வெளியிட்ட 'இம்பெரேட்டர்: ரோம்' என்னும் ஆட்டத்தைச் சான்றாகக் கொள்வோம். அலெக்சாந்தரின் தளபதிகள் அவனது பேரரசின் பொருட்டுத் தம்முட் பொருதிய கி.மு. 304இல் தொடங்கும் இவ்வாட்டம் கி.மு. 27இல் முடிவுறும். ஐபீரியாவிலிருந்து இந்தியா வரை விரியும் நிலப்படத்தில் ஆடுபவர் ஓர் அரசைத் தெரிந்து, வரி, வணிகம், படை, அயலுறவு ஆகியவற்றை நடத்துகிறார். மக்கள் உயர்குடியினர், குடியுரிமையோர், சுயாதீனர், பழங்குடியினர், அடிமைகள் எனப் பகுக்கப்பட்டுள்ளனர். சுயாதீனரிடமிருந்து படைக்கு ஆள் கிடைக்கிறது. அடிமைகளின் தொகை குறித்த அளவைத் தாண்டுந்தோறும் அவ்விடத்து விளைபொருள் ஓர் அலகு மிகுகிறது. அரசின் வலிமைக்கு உழைப்பே அடிப்படை என்பதை ஏற்கும் வகையில், மன்னர் புகழையே வரலாறாக்கிய பாடநூல்களிலும் இவ்வாட்டம் ஒருபடி மேலானதே.

எனினும், அதன் எல்லையும் இங்கேயே புலனாகிறது. நகரொன்று வீழ்ந்ததும் அதன் மக்களுள் ஒரு பகுதியினர் அடிமைகளாக்கப்பட்டு வென்றவனின் தலைநகருக்குப் பெயர்க்கப்படுகின்றனர். ஆடுபவருக்கு அது இலாபம். மக்களின் மனநிறைவு ஒரு சதவீதமாகவும், எதிர்ப்பு குறைக்கவேண்டிய ஓர் எண்ணாகவும் மட்டுமே திரையில் தோன்றுகின்றன. உழைப்போர் உற்பத்திச் சக்தியாக உள்ளனர். வரலாற்றை ஆக்குவோராக இல்லை. மேலும், ஓர் அரசு முழுவதற்கும் ஒரே ஆட்சி வடிவம் வகுக்கப்படுகிறது. தமிழகத்தில் அயலயலான திணைப் பகுதிகள் சமனற்ற வளர்ச்சி நிலைகளில் இருந்தமையைக் கா. சிவத்தம்பி 1974இல் எழுதிய திணைக் கோட்பாடு பற்றிய கட்டுரையில் விளக்கியுள்ளார். இச்சமனின்மை ஆட்டத்தின் வரையறைக்குள் அடங்குவதில்லை.

மக்களைப் பெயர்த்தல் பண்டைய ஆட்சியாளரின் செயலாக நம் மரபிலும் பேசப்படுகிறது. ஈழத்திலிருந்து பன்னீராயிரவரைச் சோழ மன்னன் காவிரிக்கு அணைகட்டக் கொண்டுசென்றான் என்றும், கஜபாகு அவர்களை மீட்டதோடு மேலும் பன்னீராயிரவரைச் சிறைப்பிடித்து வந்தான் என்றும் 'இராஜாவலிய' என்னும் சிங்கள நூல் கூறும். மகாவம்சம் கூறாத இக்கதையின் வரலாற்றுண்மை ஐயத்திற்குரியது. ஆயினும், இரு மன்னரின் பெருமையும் பெயர்க்கப்பட்டோர் தொகையாலேயே அளக்கப்படுவது நோக்கத்தக்கது.

டயகம வாசகருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், பின்னர் தேயிலைக்காகவும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களே இங்கு வாழ்வோர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். இந்திய வம்சாவளியினருள் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. ஆட்டத்தில் ஓர் அழுத்தலால் நிகழும் இடப்பெயர்ப்பு, இங்கு குடும்பங்களைப் பிளந்த வரலாறாகும்.

ஆகவே, இவ்வாட்டங்களை விலக்குக என்பது நமது கூற்றன்று. ஏழு வாயில் கொண்ட தீப்ஸ் நகரைக் கட்டியவர் யார் என்னும் வினாவைப் பிரெக்ட் 1935இல் ஒரு தொழிலாளியின் வாயிலாக எழுப்பினார். அதே வினாவுடன் இவற்றை ஆடுதல் வேண்டும். டயகம இளைஞரிடம், அவர் தலைநகருக்கு அனுப்பிய அடிமைகள் யாவர் என வினவினோம். சற்றே சிந்தித்தவர், தம் பாட்டியின் தங்கை குடும்பம் 1970களில் கப்பலேறிய செய்தியைக் கூறலானார். அன்று நெடுநேரம் அவ்வாட்டம் இடைநிறுத்தப்பட்டே கிடந்தது.