பாசிசம் : ஒரு சொல்லின் வரலாறு

'பாசிசம்' என்னும் சொல்லைத் தமிழெழுத்தில் காணுங்கால் குளத்துப் பாசி நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயின் இரண்டற்கும் உறவில்லை. இது 'ஃபாஷோ' என்னும் இத்தாலியச் சொல்லினின்று பிறந்தது. கட்டு, கற்றை என்பது அதன் பொருள். அதற்கும் மூலம் 'ஃபாஸ்கிஸ்' என்னும் இலத்தீன் சொல்.

பண்டை உரோமில் ஆட்சித் தலைவர்க்கு முன்னே 'லிக்டர்' எனப்பட்ட ஏவலர் தோளில் ஒரு கட்டினைச் சுமந்து சென்றனர். கோல்கள் பலவற்றைத் தோல்வாரால் இறுகப் பிணித்து, நடுவே கோடரி செருகப்பட்ட கட்டு அது. கான்சல் ஒருவர்க்கு ஏவலர் 12 பேர். சர்வாதிகாரிக்கு 24 பேர். தனிக்கோல் ஒடியும், கட்டு ஒடியாது என்று ஒற்றுமைக்கு அடையாளமாக இதனை விளக்குவோர் பலர். அது பாதி விளக்கமே. கோல்கள் அடிப்பதற்கு, கோடரி தலை கொய்வதற்கு. கோலைச் செங்கோல், கொடுங்கோல் எனப் பிரித்தறிந்த நமக்கு இது விளங்காததன்று. உரோமரும் இதனை உணர்ந்தே இருந்தனர். நகர எல்லைக்குள் கோடரியைக் கழற்றிவிடுதல் அவர்தம் மரபு. கொலைத்தண்டம் பெற்ற குடிமகன் மக்களிடம் முறையிடலாம் என்பது அதன் கருத்து. சர்வாதிகாரிக்கு மட்டும் நகரினுள்ளும் கோடரி உண்டு.

காலப்போக்கில் 'ஃபாஷோ' இத்தாலியில் சங்கம் என்னும் பொருளையும் பெற்றது. வியப்பு யாதெனில், அப்பெயரைப் புகழ்பெறச் செய்தோர் சிசிலித் தீவின் ஏழை உழவரும் கந்தகச் சுரங்கத் தொழிலாளருமே. 1891 முதல் அவர்கள் அமைத்த சங்கங்களை 1894இல் பிரதமர் கிரிஸ்பி படைகொண்டு ஒடுக்கினார்.

1919 மார்ச் 23ஆம் நாள் மிலான் நகரில் முசோலினி தொடங்கிய இயக்கம் அதே சொல்லைத் தன் பெயரில் ஏற்றது. 1921இல் அது கட்சியாயிற்று. தொழிலாளர் வழங்கிய பெயரைச் சூடியவர்களே தொழிலாளர் மன்றங்களைத் தீக்கிரையாக்கினர். 1924இல் எதிர்க்கட்சி உறுப்பினர் மத்தியோத்தி கொலையுண்டார். 1926 நவம்பரில் எதிர்க்கட்சிகள் கலைக்கப்பட்டன. மறுமாதமே கோற்கட்டு அரசுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது, கோடரியுடன்.

கோற்கட்டினைக் கண்ட இடமெல்லாம் பாசிசம் எனக் கொள்ளுதலும் பிழையாம். அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் தலைவர் இருக்கைக்குப் பின்னே கொடியின் இருமருங்கும் அஃது உண்டு; பிரெஞ்சுக் குடியரசின் சின்னத்திலும் உண்டு. அவை உரோமக் குடியரசை நினைந்து கொள்ளப்பட்டவை. இன்றும் இத்தாலிய உழவன் தன் வைக்கோற் கட்டினை 'ஃபாஷோ' என்றே அழைக்கின்றான்.