நைற்றோக் காரும் அதன் புகைக்குழாயும்: காசைக் கொட்ட முன் ஒரு வார்த்தை

ஞாயிற்றுக்கிழமைகளில் மொன்றியல் துறைமுகத்தை ஒட்டி ஓடும் நொத்ர்-டாம் கிழக்கு வீதியில் கொள்கலன் பாரவண்டிகளின் இரைச்சல் சற்று அடங்கும். எமது வேலைத்தலம் அந்த வீதிக்குக் கிட்டத்தான் இருக்கிறது. பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு, வெறுமையாய்க் கிடக்கும் கார்த் தரிப்பிடத்தில் நானும் மகனும் ஒரு சிறிய காரை ஓட்டுவோம். துறைமுகத்துக்கு எதிரேயுள்ள நொத்ர்-டாம் தீவில், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1978 முதல் போர்முலா வண் கார் ஓட்டம் நடக்கின்றது. அங்கே ரிக்கற் எடுத்துப் போக வசதியில்லாதவர்களுக்கு இது ஒரு சிறு ஆறுதல்.

பார்க்க வந்த எம்மவரில் இரண்டு மூன்று தகப்பன்மார் பிள்ளைகளின் கரைச்சல் தாங்காமல் தாங்களும் பழைய கார் வாங்கிவிட்டார்கள். வாங்கியதும் எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி ஒன்றுதான். "தம்பி, எந்தப் பைப் போட்டால் நல்லாய்ப் பறக்கும்?" இந்தக் கேள்வியால் நானே ஒருமுறை காசைத் தொலைத்திருப்பதால், மற்றவர்களும் தொலைக்காமல் இருக்க இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கார் என்னவென்று தெரியாதவர்களுக்கு: இது பற்றரியில் ஓடும் விளையாட்டுக் கார் அல்ல. இதற்குள் உண்மையான ரூ-ஸ்ரோக் இயந்திரம் இருக்கின்றது. கொள்ளளவு பெரும்பாலும் 2.11 அல்லது 3.5 கன சென்ரிமீற்றர். பெற்றோல் ஊற்றுவதில்லை. மெதனோல், நைற்றோமெதேன், எண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருள் ஊற்றவேண்டும். அந்த எண்ணெயில் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்திருப்பது வழக்கம். முதல் நாள் புகை வந்தபோது என் தாயார் முகத்தைச் சுளித்து, "இதென்னடா, பேதிக்குக் குடுக்கிற மணம்" என்றார். வீதியில் ஓடும் கார் இயந்திரம் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றுச் சுற்றினாலே அலறும். இது முப்பதாயிரத்தைத் தாண்டிச் சுற்றும்.

நான் செய்த பிழையைச் சொல்கிறேன். கார் வாங்கியபோது அதில் இருந்தது சிராய்ப்பு விழுந்த பழைய அலுமினியக் குழாய். கடையொன்றில் பளபளவென்று ஒன்றைக் காட்டி, "இதைப் போட்டால் வேகம் வரும்" என்றார்கள். இரண்டு வாரத்து ஓவர்ரைம் காசைக் கொடுத்து வாங்கினேன். அதோடு விட்டேனா? குழாய் எவ்வளவு கட்டையோ அவ்வளவு வேகம் என்று எவரோ சொன்னதைக் கேட்டு, இயந்திரத்தையும் பைப்பையும் இணைக்கும் வளைகுழாயில், அதாவது மனிபோல்ட்டில், 8 மில்லிமீற்றரை வாளால் அரிந்துவிட்டேன். கார் முதலில் இழுக்க மறுத்தது. பிறகு ஒரே அலறல். மகன் கையைத் தட்டினான். மூன்றாவது சுற்றில் புகை நின்றது, நாலாவது சுற்றில் "டக்" என்று ஒரு சத்தம். பிஸ்ரனைத் தாங்கும் தண்டு முறிந்துவிட்டது. பஸ்ஸில் வீடு வரும்வரை மகன் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊரில் இதே மாதிரியான நம்பிக்கை ஒன்று இருந்தது. மோட்டார் சைக்கிளின் சைலன்சருக்குள் இருப்பதைக் கழற்றி எறிந்தால் வேகம் கூடுமென்று இளம் பொடியள் நம்பினார்கள். கூடியது சத்தந்தான். ரூ-ஸ்ரோக் இயந்திரத்தில் புகைக்குழாய் புகையை வெளியேற்றுவதற்கு மட்டும் இருப்பதல்ல. அது இயந்திரத்தின் பாதி. இதை எனக்கு விளங்கப்படுத்தியவர் என்னோடு வேலை செய்யும் ஒரு கியூபெக்காரர். பனிக்காலத்தில் பனிவண்டி ஓட்டுபவர். இந்த மாகாணத்து வல்கூரில் ஜோசப்-ஆர்மன் பொம்பார்டியே 1959இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஸ்கீ-டூ பனிவண்டியை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஒஸ்ரியாவின் றோட்டாக்ஸ் நிறுவனம் அவற்றுக்குச் செய்யும் ரூ-ஸ்ரோக் இயந்திரங்களிலும் வயிறு பெருத்து இரு பக்கமும் ஒடுங்கிய இதே வகைக் குழாய்தான் இருக்கின்றது. அளவுதான் வேறு.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ஊர்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் "கூ" என்று கூப்பிட்டால் சத்தம் அடியில் பட்டுத் திரும்பி வரும் அல்லவா? பழைய துறைமுகத்தின் மேற்குப் பக்கத்தில், லசீன் கால்வாய் தொடங்கும் இடத்துக்கருகில், பாழடைந்து நிற்கும் ஐந்தாம் இலக்கத் தானியக் களஞ்சியம் கிணற்றிலும் பெரிய உதாரணம். 2000ஆம் ஆண்டில் கலைஞர்கள் இருவர் அதற்குள் ஒலிபெருக்கியும் ஒலிவாங்கியும் வைத்து, தொலைபேசி வழியாக வரும் சத்தத்தை உள்ளே விட்டு எதிரொலியோடு திருப்பி அனுப்பினார்கள். ஒரு சத்தம் அடங்க 20 விநாடிக்கும் மேல் எடுத்ததாம். எங்கள் சிறு குழாய்க்குள்ளும் நடப்பது இதுதான். ஆனால் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில்.

சிலிண்டரின் புகைவாசல் திறந்ததும் அழுத்த அலை ஒன்று குழாய்க்குள் பாய்கின்றது. குழாய் விரிந்துகொண்டு போகும் பகுதியில் அந்த அலையிலிருந்து ஓர் உறிஞ்சல் திரும்பி வந்து, எரிந்த புகையை வெளியே இழுக்கும், புதிய கலவையையும் உள்ளே இழுக்கும். ரூ-ஸ்ரோக்கில் புதிய கலவையில் ஒரு பகுதி எரியாமலே குழாய்க்குள் ஓடிவிடும். இதுதான் இந்த இயந்திரத்தின் பிறவிக் குறை. அலை மேலும் சென்று குழாய் ஒடுங்கும் பின்பகுதியில் பட்டு, இம்முறை அழுத்தமாகவே திரும்பி வந்து, ஓடிப்போன கலவையைப் பிடித்துச் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். உடனே வாசல் மூடவேண்டும். அலை பிந்தி வந்தால் கதவு பூட்டியிருக்கும். முந்தி வந்தால் தள்ளிய கலவை மீண்டும் வெளியே ஓடிவிடும்.

இந்த நேரத்தை ஒரு சிறு கணக்கால் பார்க்கலாம். எட்டாம் வகுப்புக் கணக்குத்தான், பயப்படவேண்டாம். நிமிடத்துக்கு 30,000 சுற்று என்றால் விநாடிக்கு 500. ஒரு சுற்றுக்கு விநாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு. புகைவாசல் ஏறத்தாழ அரைச் சுற்று நேரம் திறந்திருக்கும், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. சூடான புகையில் ஒலி விநாடிக்குச் சுமார் 500 மீற்றர் போகும் என்று வைத்தால், அந்த நேரத்தில் அது போவது 50 சென்ரிமீற்றர். போய்த் திரும்பி வரவேண்டும் என்பதால் பாதி: 25 சென்ரிமீற்றர். அடிமட்டத்தை எடுத்து உங்கள் காரின் சிலிண்டரிலிருந்து பைப்பின் பின்பக்கக் கூம்பு வரை அளந்து பாருங்கள். பெரிய வித்தியாசம் இராது. 15,000 சுற்றில் ஓட்டினால் இதே கணக்கு 50 சென்ரிமீற்றர் கேட்கும். ஆகவே எந்தக் குழாயும் எல்லா வேகத்துக்கும் பொருந்தாது. நீளம் கூடினால் குறைந்த சுற்றில் இழுவை, நீளம் குறைந்தால் உயர்ந்த சுற்றில் வேகம். நான் 8 மில்லிமீற்றரை அரிந்ததால் இயந்திரத்தின் வலுவெல்லாம் அது தாங்காத சுற்றுக்குப் போய்விட்டது.

இந்த வித்தையைப் பக்குவப்படுத்தியவர் கிழக்கு ஜேர்மனியின் எம்.சற் மோட்டார் சைக்கிள் ஆலையில் வேலை செய்த வால்ரர் காடென் என்ற பொறியியலாளர். 1961இல் அவரது 125 சீ.சீ. இயந்திரம் 25 குதிரைவலு கொடுத்தது. லீற்றர் கணக்கில் பார்த்தால் 200. அக்காலத்தில் யாரும் எட்டாத அளவு. அதே ஆண்டு ஓகஸ்ரில் பேர்லின் மதில் எழுந்தது. செப்ரெம்பரில் சுவீடனில் நடந்த ஓட்டத்துக்குப் போன எம்.சற் ஓட்டவீரர் ஏர்ன்ஸ்ற் டெக்னர் திரும்பிப் போகவில்லை. அவரது மனைவியும் பிள்ளைகளும் வாகனத்தில் ஒளித்து எல்லை கடத்தப்பட்டார்கள். அவர் தெரிந்ததையெல்லாம் ஜப்பானின் சுசூக்கிக்குச் சொல்லிக்கொடுத்தார். 1962இல் 50 சீ.சீ. பிரிவில் சுசூக்கியின் முதல் உலகப் பட்டத்தையும் அவரே வென்றார். அவர் செய்தது சரியா பிழையா என்று நான் சொல்ல மாட்டேன். காடெனுக்கு வயிறு எரிந்திருக்கும். ஆனால் பிள்ளைகளை ஒளித்து எல்லை கடத்திய கதையை எம்மவர் வேறு விதமாகத்தான் வாசிப்பார்கள்.

சரி, எதை வாங்குவது? முதலில் இயந்திரத்தின் அளவுக்குரிய குழாய். 3.5க்கு உரியதை 2.11இல் மாட்டினால் வலு எழும்பாது. மறுவளமாக மாட்டினால் சூடேறிச் சாகும். இரண்டாவது, புகைவாசல் பக்கத்திலா பின்னாலா என்று பாருங்கள், மனிபோல்ட் அதற்கேற்ப மாறும். மூன்றாவது, ஓட்டும் இடம். கார்த் தரிப்பிடத்தில் இறுக்கமாகத் திரும்பித் திரும்பி ஓடுபவர்களுக்கு இழுவைதான் தேவை. நீண்ட மனிபோல்ட்டோடு உள்ள குழாயே போதும். நீண்ட நேரோட்டம் உள்ளவர்கள்தான் கட்டைக் குழாயை யோசிக்கவேண்டும். சில குழாய்களில் "எவ்றா" என்று எழுதி நான்கு இலக்கம் பொறித்திருக்கும். ஐரோப்பிய சம்மேளனம் போட்டிக்கு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. 2013 என்று இருந்தால் அந்த ஆண்டில் செய்தது என எண்ணிவிடாதீர்கள். வெறும் பளபளப்புக்குக் காசு கொடுக்கவேண்டாம். சிறு நெளிவும் பெரிய குறையல்ல. வெடிப்பும் ஓட்டையும்தான் குறை.

ஓட்டை பார்க்கச் சைக்கிள் ரியூப் ஒட்டிய எவருக்கும் தெரியும். பைப்பின் பின்வாயை விரலால் அடைத்து, மனிபோல்ட்டின் வாயையும் அடைத்து, தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தி, பக்கத்திலுள்ள சிறு முனையால் ஊதுங்கள். குமிழி வந்தால் ஒழுக்கு. பார்த்தபின் நன்றாக உலர விடுங்கள். அந்தச் சிறு முனை முக்கியமானது. அதிலிருந்து போகும் றப்பர்க் குழாய்தான் எரிபொருள் தாங்கிக்கு அழுத்தம் கொடுக்கின்றது. பைப் ஒழுகினால் அழுத்தம் குறையும், இயந்திரத்துக்கு எரிபொருள் காணாது, சூடேறும்.

நீளத்தை மாற்ற வாள் தேவையில்லை. மனிபோல்ட்டையும் பைப்பையும் இணைக்கும் சிலிக்கன் றப்பருக்குள் இருக்கும் இடைவெளியை நீட்டிக் குறைத்தாலே போதும். எப்போதும் நீளமான பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கரியால் அடையாளம் இட்டு, ஒரே பாதையில் ஐந்து சுற்று ஓட்டி, மணிக்கூட்டில் நேரம் பார்த்து எழுதுங்கள். பிறகு ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் மட்டும் குறையுங்கள். நேரம் குறைவது நின்ற இடத்தில், அல்லது திருப்பத்தில் கார் சோரத் தொடங்கிய இடத்தில், ஒரு படி பின்னால் போய் நிறுத்துங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் எரிபொருள் ஊசியைச் சற்றுத் திறந்து விடவேண்டும். காருக்குப் பின்னால் மெல்லிய புகை வால் தெரியவேண்டும். தெரியாவிட்டால் உடனே நிறுத்துங்கள். இயந்திரத் தலையில் ஒரு துளி தண்ணீர் விட்டால் மூன்று நாலு விநாடி கொதித்து மறையவேண்டும். விட்டவுடனே பறந்தால் மிகச் சூடு. வெப்பமானி உள்ளவர்களுக்கு 100 முதல் 120 பாகை செல்சியஸ் வரை நல்லது.

இனிச் சொல்வதைத் தாய்மார் கட்டாயம் வாசிக்கவேண்டும். ஊரில் மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த பழக்கம் எமக்குண்டு. இந்த எரிபொருளை அப்படி ஒருபோதும் வைக்காதீர்கள். பல கடைகளில் வரும் நிறம் இளஞ்சிவப்பு, பிள்ளைக்கு அது சர்பத். மெதனோல் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே கண் பார்வை போகும், உயிரும் போகும். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது, மணித்தியாலங்கள் கழித்தே அறிகுறி வரும். குடித்ததாகச் சந்தேகம் வந்தாலே காத்திராமல் கியூபெக் நஞ்சு நிலையத்துக்கு 1-800-463-5060 இல் எடுங்கள். மயங்கினால் 911. எரிபொருளைக் கலன் மாற்றாமல், பூட்டி வையுங்கள். மெதனோல் தீப்பற்றினால் பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. நிலக்கீழ்த் தரிப்பிடத்திலோ பல்கனியிலோ இயந்திரத்தைத் தொடக்கவேண்டாம், புகை ஆளை மயக்கும். ஓடி நின்ற குழாயைத் தொட்டால் தோல் கையோடு வராது. மகனுக்கும் எனக்கும் காதுக்குப் பஞ்சு இருக்கிறது. குடியிருப்புக்கு அருகில் ஓட்டினால் அயலவர் பொலிசுக்கு எடுப்பார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

எங்கள் கார் இப்போது ஓடுகிறது. புதுத் தண்டும் பிஸ்ரனும் போட்டு, அந்தப் பழைய சிராய்ப்புக் குழாயையே பழையபடி மாட்டினோம். றப்பருக்குள் இடைவெளியை மகன்தான் அளந்தான். 4 மில்லிமீற்றரில் வைத்தபோது ஐந்து சுற்றுக்கு எடுத்த நேரம், அந்த விலை கூடிய குழாயோடு முதல் நாள் ஓடியதிலும் குறைவு. "அப்பா, சத்தம் பெரிசா இல்லை, ஆனா ஓடுது" என்றான். அரிந்த மனிபோல்ட்டோடு அந்தப் பளபளப்புக் குழாய் சமையலறை லாச்சிக்குள் கிடக்கின்றது. 3.5 இயந்திரமும் புது மனிபோல்ட்டும் உள்ளவர்கள் யாராவது கேட்டால் சும்மா கொடுப்பேன்.

பனி தொடங்க முன் தாங்கியைக் காலியாக்கி, இயந்திரத்துக்குள் நாலு துளி எண்ணெய் விட்டுக் கையால் சுற்றி, குழாயின் வாயைத் துணியால் அடைத்து வையுங்கள். மெதனோல் ஈரத்தை உறிஞ்சும். ஏப்ரலில் திறக்கும்போது உருளைகள் துருப்பிடித்திருந்தால் குழாயைத் திட்டிப் பிரயோசனமில்லை.